ரசாயனக் கசிவு நடந்தால் மாநில அளவில் யார் பொறுப்பு, நம் தெருவுக்கு யார் பொறுப்பு?

எர்ணாவூர்க்காரி

வணக்கம். இதுவரை இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. ஒரு கேள்வி ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது எண்ணூர்ப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. மிக்ஜாம் புயல் போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் முதலில் விழித்தது மாமியார். "யாரோ பினாயிலைக் கொட்டிட்டாங்க போல" என்றார். கொஞ்ச நேரத்தில் கண் எரிய ஆரம்பித்தது, தொண்டை அடைத்தது. கதவைத் திறந்தால் தெருவே எழுந்து நிற்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி கைக்குழந்தையை ஈரத் துண்டில் சுற்றி மனைவி மடியில் கொடுத்துவிட்டு பைக்கை உதைக்கிறான், ஸ்டார்ட் ஆகவில்லை. எந்தப் பக்கம் போவது என்று யாருக்கும் தெரியவில்லை. திருவொற்றியூர் பக்கம் போனவர்களும் மணலிப் பக்கம் போனவர்களும் மேம்பாலத்துக்குக் கீழே எதிரெதிராக முட்டிக்கொண்டு நின்றோம். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒருவர் சமையல் கேஸ் ஏஜென்சி எண்ணுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் எந்தச் சைரனும் கேட்கவில்லை.

போன மாதம் சித்தி மகன் அமெரிக்காவிலிருந்து பேசினான். அங்கே ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென்றே ஒரு அவசரகால ஆணையம் இருக்கிறதாம், அதற்குக் கீழே ஊருக்கு ஊர் ஒரு குழுவாம், அந்தக் குழுவில் சாதாரண ஊர்க்காரர்களும் உட்காருவார்களாம். நமக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஷிப்ட்காரர்

வணக்கம் அம்மா. மணலியில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி 12 வருஷம் சேஃப்டி பிரிவில் இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நமக்கும் உண்டு. ஆனால் இரண்டு தனித்தனிச் சட்டங்களுக்குள் கிடக்கிறது, குழப்பமே அங்கிருந்துதான் ஆரம்பம்.

முதலாவது, பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. சுனாமி வந்து சரியாக ஒரு வருஷத்தில் வந்த சட்டம். இதன்படி மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு முதலமைச்சர் தலைவர். அவரைத் தவிர மற்ற உறுப்பினர்கள் ஒன்பது பேருக்கு மேல் போகக் கூடாது. அதற்குக் கீழே மாநிலச் செயற்குழு, அதற்குத் தலைமைச் செயலாளர் தலைவர், கூடவே நான்கு துறைச் செயலாளர்கள். ஆணையத்தின் தலைமைச் செயல் அலுவலரும் தலைமைச் செயலாளர்தான். கொள்கையை ஆணையம் வகுக்கும், நடத்திக் காட்டுவது செயற்குழு. மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர். அன்றாட வேலையெல்லாம் வருவாய்த்துறை கையில். சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு எண் 1070. மாவட்டத்துக்கு 1077. மாநகராட்சிக்கு 1913. மழை, வெள்ளம், புயல் என்றால் நாம் பார்ப்பது இந்த அமைப்பைத்தான்.

இரண்டாவது போபாலிலிருந்து வந்தது. 1984 டிசம்பர் 2 இரவு நடந்த அந்த விபத்துக்குப் பிறகு, 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989-இல் அபாயகரமான ரசாயனங்களைத் தயாரிப்பது, சேமிப்பது, இறக்குமதி செய்வது பற்றிய விதிகள். 1996-இல் ரசாயன விபத்துக்குத் திட்டமிடுவது, தயாராவது, எதிர்கொள்வது பற்றிய விதிகள். நீங்கள் கேட்பதற்குப் பதில் இந்த 1996 விதிகளில்தான் இருக்கிறது. நான்கு அடுக்கு: மத்திய நெருக்கடிக் குழு, மாநில நெருக்கடிக் குழு, மாவட்ட நெருக்கடிக் குழு, உள்ளூர் நெருக்கடிக் குழு.

மாநிலக் குழுவுக்கும் தலைமைச் செயலாளர்தான் தலைவர். தொழிலாளர், சுற்றுச்சூழல், சுகாதாரம், தொழில் துறைகளின் செயலாளர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர், தீயணைப்பு, காவல், போக்குவரத்து அதிகாரிகள், வெளியிலிருந்து நிபுணர்கள் என்று போகும் பட்டியல். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். மாவட்டக் குழு ஆட்சியர் தலைமையில் 45 நாளுக்கு ஒரு தடவை. கடைசி அடுக்கான உள்ளூர்க் குழு மாதம் ஒரு தடவை. இந்த உள்ளூர்க் குழுவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

மணலி புதுநகர்

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. சட்டத்தில் நாலு அடுக்கு இருக்கட்டும், நாற்பது அடுக்கு இருக்கட்டும். அன்றைக்கு ராத்திரி எங்கள் பக்கத்தில் ஒரு மைக் வண்டிகூட வரவில்லை. மாதா மாதம் கூடுகிறார்கள் என்றால் அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர் இந்த ஏரியாவில் ஒருத்தராவது உண்டா? எனக்கு வேண்டியது குழு இல்லை. ஒரு சைரன், அதுவும் வேலை செய்கிற சைரன். மிச்சமெல்லாம் காகிதம்.

முகத்துவாரம்

புதுநகர் அண்ணன் சொல்வதுதான் எங்களுக்கும் தோன்றும். ஆனால் மிக்ஜாம் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் வந்தபோது நாங்கள் பட்டது வேறு மாதிரி. எண்ணெய் ஆற்றில் இருக்கும்போது ஒரு துறை, முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போனால் கடலோரக் காவல் படை, துறைமுக எல்லைக்குள் என்றால் துறைமுகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி எல்லாம் திருவள்ளூர் மாவட்டம். இந்தப் பக்கம் நாங்கள் 2018 முதல் சென்னை மாவட்டம். இரண்டு ஆட்சியர். எண்ணெய்க்கு எல்லை தெரியுமா? கொசஸ்தலையில் தண்ணீர் ஏறும்போது அது மேலே போகும், வற்றும்போது கீழே வரும். கடைசியில் நம் ஆட்கள்தான் மக்கிலும் வாளியிலும் மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். எங்கள் அப்பாவின் கையில் தோல் உரிந்து ஆறப் பல நாள் ஆனது. வலையைத் தூக்கிப் போட்டுவிட்டோம், மண்ணெண்ணெயில் ஊற வைத்தும் போகவில்லை.

யார் தலைவர் என்பதைவிட எந்த எல்லையில் யார் கை மாற்றிக்கொள்கிறார்கள் என்பதை முதலில் எழுதி ஒட்ட வேண்டும் என்பேன்.

பழைய ஷிப்ட்காரர்

தம்பி, நீங்கள் சொன்ன எல்லைப் பிரச்சினை உண்மையானது. விதிகளைப் படித்தால் அதற்கு வழியும் தெரிகிறது. உள்ளூர்க் குழு என்பது மாவட்டத்தைப் பார்த்து அமைப்பதில்லை, தொழிற்பேட்டையைப் பார்த்து அமைப்பது. ஆலைகள் எங்கே கொத்தாக இருக்கிறதோ அங்கே ஒன்று. இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவாக மேலே உட்காருவது மாநிலக் குழு. இரண்டு ஆட்சியர்களையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவரும் அதிகாரம் அதற்குத்தான் உண்டு. எண்ணூரைப் பொறுத்தவரை மாநிலக் குழுவின் முதல் வேலையே இதுதான் என்பது என் கருத்து.

இப்போது உள்ளூர்க் குழு. கோட்டாட்சியர் நிலையில் ஒருவர் தலைவர். கூட்டத்தைக் கூட்டுபவர் தொழிற்சாலை ஆய்வாளர், நாங்கள் பேக்டரி இன்ஸ்பெக்டர் என்போம். உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள்: அந்தப் பகுதி ஆலைகளின் பிரதிநிதிகள், அபாய ரசாயனம் ஏற்றும் லாரிக்காரர்கள் இரண்டு பேர், தீயணைப்பு அலுவலர், காவல் நிலைய அதிகாரி, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், உள்ளூர் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், ஊர்த் தலைவர் ஒருவர், தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர், அந்தப் பகுதியில் பெயர் பெற்ற டாக்டர்கள் இரண்டு பேர், சமூகப் பணியாளர்கள் இரண்டு பேர். இது நான் ஆசைப்பட்டு எழுதுகிற பட்டியல் இல்லை, விதியில் இருப்பது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முழு அளவில் மாக் டிரில் (ஒத்திகை) நடத்தி, எது சரியாக நடந்தது, எங்கே சறுக்கியது என்று மாவட்டக் குழுவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் அனுப்ப வேண்டும். பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு என்ன ரசாயனம், என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில் ஆலைக்கு உதவ வேண்டியதும் இந்தக் குழுதான்.

இன்னொன்றும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். வேலிக்கு உள்ளே என்ன செய்வது என்ற திட்டத்தை ஆலை போட வேண்டும், அதை ஆன்சைட் பிளான் என்போம். வேலிக்கு வெளியே உள்ளதை அரசு போட வேண்டும், அது ஆஃப்சைட் பிளான். அமோனியா 60 டன் வைத்திருந்தால், குளோரின் 10 டன் வைத்திருந்தால் இந்த இரண்டும் கட்டாயம். எர்ணாவூர்த் தெரு வேலிக்கு வெளியே இருக்கிறது. அதனால் உங்களுக்கான திட்டம் அரசுக் கோப்பில் இருந்தாக வேண்டும்.

மணலி தம்பிக்கு: சைரன் வேண்டும், மறுக்கவில்லை. 2020 மே மாதம் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்தபோது ஆலையில் சைரன் வசதி இருந்தது, அடிக்கவில்லை என்று விசாரணையில் வந்தது. அடிக்க வேண்டியது யார், எந்த அளவு வந்தால் அடிக்க வேண்டும், அடித்தால் ஜனங்கள் எந்தப் பக்கம் போக வேண்டும், இதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்து பழக்கி வைப்பதற்குத்தான் குழு. எங்கள் ஆலையில் மாதம் ஒரு நாள் சைரன் சோதனை உண்டு. வெளியே டீக்கடையில் இருப்பவர்களுக்கு அது ஷிப்ட் மாறுகிற சங்கு. நிஜமாக ஒரு நாள் அடித்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அது என் மனதில் இன்றும் உறுத்தலாக இருக்கிறது, வெளியே போய் நாலு பேருக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஹூஸ்டன் ராயபுரத்தான்

அக்கா, உங்கள் சித்தி மகன் சொன்ன விஷயத்தை நான் கொஞ்சம் விளக்குகிறேன். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன், இங்கே கப்பல் கால்வாய் ஓரம் ஆலைகள் இருக்கும் பக்கத்தில்தான் வேலை.

இங்கேயும் ஆரம்பம் போபால்தான். அதே நிறுவனத்தின் மேற்கு வர்ஜீனியா ஆலையில் 1985-இல் ஒரு கசிவு நடந்தது, உடனே அமெரிக்கர்களுக்கும் பயம் வந்தது. 1986-இல் சட்டம் போட்டார்கள். அதன் பெயரிலேயே 'மக்களின் தெரிந்துகொள்ளும் உரிமை' என்பது இருக்கிறது. ஒவ்வொரு மாநில ஆளுநரும் மாநில அவசரகால ஆணையம் ஒன்றை நியமிக்க வேண்டும். நியமிக்காவிட்டால் ஆளுநரே அந்த ஆணையமாக இருந்து வேலை பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, தப்பிக்க வழியில்லை. (இங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சர் மாதிரி.)

ஆணையத்தின் வேலை நான்கைந்துதான். மாநிலத்தைத் திட்ட மாவட்டங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றுக்கும் உள்ளூர்க் குழு உறுப்பினர்களை நியமிப்பது. அவர்கள் போடும் திட்டத்தைப் பார்த்துக் குறை சொல்வது. ஆலைகள் தரும் கணக்கை வாங்கி வைத்து, கேட்கிறவர்களுக்குக் கொடுப்பது. அந்தக் கணக்குதான் முக்கியம். ஒவ்வொரு ஆலையும் வருஷா வருஷம் மார்ச் 1-க்குள் எந்த ரசாயனம், எவ்வளவு, வளாகத்தில் எந்த இடத்தில் என்று மாநில ஆணையத்துக்கும் உள்ளூர்க் குழுவுக்கும் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். அமோனியா 500 பவுண்ட் இருந்தாலே, அதாவது கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலே, திட்டத்துக்குள் வந்துவிடும். 100 பவுண்ட் வெளியே கசிந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும்.

ஐயா சொன்ன 60 டன்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். பல ஊர்க் குழுக்கள் பெயரளவுக்குத்தான். சட்டம் வேலையைக் கொடுத்தது, நிரந்தரப் பணம் கொடுக்கவில்லை. 2013 ஏப்ரலில் இதே டெக்சாஸில் வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக் கிடங்கு தீப்பிடித்து வெடித்தது. அம்மோனியம் நைட்ரேட். 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் தீயணைக்க ஓடிய ஊர்க்காரர்கள். உள்ளே இருப்பது எப்படி வெடிக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

நன்றாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன். டீர் பார்க் ஊர்க் குழு ஒரு ஆமையைச் சின்னமாக வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறது. ஆபத்து வந்தால் ஆமை ஓட்டுக்குள் போவது மாதிரி வீட்டுக்குள் போ, கதவு ஜன்னலைச் சாத்து, ஏசியை நிறுத்து, அவ்வளவுதான். இங்கே குழந்தைகள் அதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் ஓடும்.

மணலி புதுநகர்

தம்பி, ஆமைக்கு ஓடு இருக்கிறது. எங்களுக்கு ஷீட் கூரை. சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் கை நுழையும். கதவைச் சாத்தினால் என்ன, சாத்தாவிட்டால் என்ன?

வெடிமருந்து என்றதும் ஞாபகம் வந்தது. 2020-இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் நம் மணலி கன்டெய்னர் கிடங்கில் அதே அம்மோனியம் நைட்ரேட் 697 டன் 2015 முதல் கிடக்கிறது என்று செய்தி வந்தது. பறிமுதல் செய்த சரக்கு. அப்புறம் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து வருஷம் அதன் பக்கத்துச் சாலையில்தான் என் மகளை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டேன். அது உண்டா இல்லையா என்று எனக்குச் சொல்ல வேண்டியது எந்தக் குழு?

தண்டையார்பேட்டை செவிலி

அண்ணா, உங்கள் கோபம் நியாயம். ஆமைக் கதையை அப்படியே தள்ளிவிட வேண்டாம், எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று பிரித்துப் பார்க்கலாம். எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு மாதிரி கான்கிரீட் வீடு என்றால் ஈரத் துணியைக் கதவிடுக்கில் திணித்து உள்ளே இருப்பது உதவும். ஷீட் வீட்டுக்காரர்கள் பக்கத்தில் எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், மெட்ரோ நிலையம், ஏதோ ஒன்று. இதைத் தலைமைச் செயலாளர் குறித்துத் தர முடியாது. தெருத் தெருவாக நடந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

மருத்துவமனைப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். ஒரே நேரத்தில் இருமிக்கொண்டு ஐம்பது பேர் வந்தால் எங்களுக்கு முதலில் வேண்டியது ரசாயனத்தின் பெயர். "ஏதோ கேஸ்" என்றால் என்ன செய்வது? அமோனியா தண்ணீரில் கரையும், ஈரமான இடத்தைத் தேடிப் போய் எரிக்கும், அதனால் கண், மூக்கு, தொண்டை, வியர்த்த அக்குள். கண்ணைக் குறைந்தது 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். இதை வீட்டிலேயே குழாயடியில் ஆரம்பித்துவிட்டால் பாதிப்பு குறையும். ஜனங்கள் கழுவாமல் கண்ணைத் தேய்த்துக்கொண்டே வருவார்கள்.

குளோரின் வேறு மாதிரி. காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதற்கு மாடி ஏறுவது நல்லது. அமோனியா இயல்பில் காற்றைவிட லேசு, ஆனால் குளிர வைத்த திரவமாகக் கொட்டினால் வெள்ளைப் பனி மாதிரித் தாழ்வாகவே வரும். இது ஐயாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பழைய ஷிப்ட்காரர்

செவிலித்தாய் சொன்னது அத்தனையும் சரி. அமோனியாவைத் திரவமாக வைக்க மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர வைப்போம். வெளியே வந்தால் சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மூடுபனி மாதிரி வரும். அந்தப் பனிக்குள் புகுந்து ஓடக் கூடாது. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்குக் குறுக்காகப் போக வேண்டும். காற்று போகும் திசையிலேயே ஓடினால் புகையும் கூடவே ஓடி வரும்.

திசை தெரிய ஆலைகளில் விண்ட் சாக் கட்டியிருப்பார்கள், ஆரஞ்சும் வெள்ளையுமாகத் துணிப்பை. வெயிலிலும் உப்புக் காற்றிலும் ஆறே மாதத்தில் நார் நாராகிவிடும். ஒரு தடவை டிரில் பார்க்க வந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், கம்பம் இருக்கிறது, பை இல்லை, வளையத்தில் நாலு நூல் தொங்குகிறது. அன்றைக்கு டிரில்லை நிறுத்திப் புதுப் பை கட்டிய பிறகுதான் ஆரம்பிக்கவிட்டார். அவர் செய்ததுதான் வேலை. அந்த மாதிரி ஒருவர் உள்ளூர்க் குழுவில் இருந்தால் போதும், மற்ற எல்லாம் தன்னால் நேராகும்.

லாரி ஓட்டுபவர்கள், பைக்கில் எண்ணூர் விரைவுச்சாலையில் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். டேங்கரின் பின்னால் ஒரு பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும். 1005 என்றால் அமோனியா. 1017 குளோரின். 1075 சமையல் எரிவாயு. 1203 பெட்ரோல். விபத்தைப் பார்த்தால் அந்த எண்ணைப் போனில் சொல்லுங்கள், வருகிற தீயணைப்பு வண்டிக்கு அதுவே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

697 டன் பற்றிய கேள்விக்கு நேர்மையான பதில்: சொல்ல வேண்டியது உள்ளூர்க் குழுதான். கிடங்கும் கணக்கில் வர வேண்டும், ஆலை மட்டுமில்லை. அந்தப் பட்டியலைக் கேட்கும் உரிமை உங்களுக்கு 1996 விதிகளிலேயே இருக்கிறது, ரசாயன விபத்துத் தடுப்பு பற்றிக் கேட்டால் குழுக்கள் தகவல் தர வேண்டும்.

முகத்துவாரம்

காற்றைப் பற்றி எங்கள் அப்பாவைக் கேட்டேன். இந்தப் பேச்சில் குப்பத்துக்காரர்களுக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். மார்கழியில் வாடைதான், வடக்கிலிருந்து கரையோடு ஒட்டி வரும். அப்போது கசிந்தால் கரையோடு தெற்கே ஓடக் கூடாது, மேற்கே உள்ளே போக வேண்டும். ஆனி, ஆடியில் காலையில் கச்சான் அடிக்கும், மேற்கிலிருந்து. அப்போது மணலிப் பக்கம் ஏதாவது ஆனால் எங்களுக்கு வந்துவிடும், வடக்கோ தெற்கோ போக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று திரும்பிவிட்டால் கதையே மாறும். "ராத்திரியில் தெரியலேன்னா லுங்கி நுனியைத் தூக்கிப் பிடிச்சுப் பாரு, இல்லேன்னா படகுக் கொடியைப் பாரு" என்றார்.

விதியில் இருக்கும் சமூகப் பணியாளர் இடத்துக்கு அப்பாவைப் போல ஒருவரை ஏன் உட்கார வைக்கக் கூடாது?

மணலி புதுநகர்

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். இப்படிப்பட்டவர் உட்காருகிற குழு என்றால் நானும் வருகிறேன். ஆனால் ஒரு சந்தேகம் ஐயா. இப்போது நாங்கள் மாநகராட்சிக்குள் இருக்கிறோம். வி.ஏ.ஓ. இருக்கிறார், கவுன்சிலர் இருக்கிறார், மண்டல அதிகாரி இருக்கிறார். விதியில் சொன்ன ஊர்த் தலைவர் எல்லாம் கிராமத்துக்குத்தானே?

பழைய ஷிப்ட்காரர்

நல்ல கேள்வி. 1996 விதிகள் கிராமத்தை மனதில் வைத்து எழுதியவை, அது நிஜம். 2025-இல் பேரிடர் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். மாநிலத் தலைநகருக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனியாக நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. மாநகராட்சி ஆணையர் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். சென்னைக்கு இது பொருந்தும். அதற்குள் திருவொற்றியூர், மணலி, மாதவரம் மண்டலங்களுக்கு ரசாயன விபத்தைத் தனித் தலைப்பாக வைக்க வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். வெள்ளத்துக்கு மட்டும் திட்டம் போட்டு முடித்துவிட்டால் நம் பகுதிக்கு அது அரைத் திட்டம்.

மாநில ஆணையம், மாநில நெருக்கடிக் குழு, இனிமேல் நகர ஆணையம் என்று மூன்று ஆகும்போது ஒரே தலைமைச் செயலாளரிடம் இரண்டு தொப்பி இருப்பது ஒரு வகையில் வசதி. மேலே குழப்பம் வராது. கீழே வருவாய்த்துறையும் தொழிற்சாலை ஆய்வாளரும் ஒருவருக்கொருவர் போன் எண் வைத்திருக்கிறார்களா என்பதுதான் என் கவலை.

எர்ணாவூர்க்காரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்தேன். மாமியாருக்கும் படித்துக் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, "அந்தக் குழுவுல நம்ம ஏரியா ஆளு யாரு, பேரைச் சொல்லு." எனக்குத் தெரியவில்லை. இந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதியிருக்கிறேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கிவிட்டேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு ஒன்று. கேள்விகள்: எங்கள் பகுதிக்கு உள்ளூர் நெருக்கடிக் குழு அமைக்கப்பட்டிருக்கிறதா, உறுப்பினர்கள் யார் யார், கடைசியாகக் கூடியது எந்தத் தேதி, அந்தக் கூட்டக் குறிப்பின் நகல். கடைசி ஆஃப்சைட் மாக் டிரில் எங்கே, எப்போது, அதன் அறிக்கை நகல். எங்கள் வார்டுக்கு எந்தக் கட்டடம் தஞ்சமடையும் இடம் என்று திட்டத்தில் இருக்கிறது. சரியா இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய ஷிப்ட்காரர்

நன்றாக இருக்கிறது அம்மா. இரண்டு திருத்தம். "ஏன் கூடவில்லை" என்பது மாதிரிக் கேள்வி எதுவும் சேர்க்காதீர்கள், காரணம் கேட்டால் தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தின் நகல் என்றே கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அதே மனுவை அனுப்புங்கள், முகத்துவாரம் தம்பி சொன்ன காரணத்துக்காக.

தண்டையார்பேட்டை செவிலி

அக்கா, ஒன்று சேர்க்க முடியுமா? விபத்து நடந்தால் ரசாயனத்தின் பெயரை மருத்துவமனைகளுக்குச் சொல்ல வேண்டிய அலுவலர் யார், எந்த எண்ணில் சொல்வார் என்று திட்டத்தில் எழுதியிருக்கும் பக்கத்தின் நகல்.

மணலி புதுநகர்

கன்டெய்னர் கிடங்குகள் இந்தத் திட்டத்தில் இருக்கின்றனவா என்பதையும் போடுங்கள் அக்கா. மணலிக்கான மனுவை நானே என் பெயரில் போடுகிறேன், மாதிரியை மட்டும் அனுப்புங்கள்.

எர்ணாவூர்க்காரி

இரண்டையும் சேர்த்துவிட்டேன். மாதிரியைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன் அண்ணா. திருவள்ளூர் மனுவை முகத்துவாரம் தம்பி கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் திங்கட்கிழமை தபாலில் அனுப்புகிறேன். பதில் வந்ததும் முழுசாக இங்கேயே தட்டச்சு செய்து போடுகிறேன்.